பிள்ளை வாங்கும் கை

என்னைக் கஞ்சப்பிசினாரி என்று சொல்கிறவர்கள் ஒரே ஒரு மாதம் என் வீட்டில் வந்து குடித்தனம் நடத்திக் காட்டட்டும், அப்புறம் பேசலாம். நான் இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் துணி மடித்துக் கட்டுகிறவள். வீட்டுக்காரர் மில்லில் வாட்ச்மேன். எண்ணெய் விற்கிற விலையிலும் பருப்பு விற்கிற விலையிலும் இரண்டு சம்பளம் வருகிற வீட்டிலேயே இருபதாம் தேதிக்கு மேல் நாக்குத் தள்ளிப்போகிறது. என் வீட்டில் தள்ளியதில்லை. தள்ளவிட்டதில்லை நான்.

ஒரு சிலிண்டர் எனக்கு மூன்று மாதம் வரும். அரிசியை ஒரு மணி நேரம் ஊறவைத்துத்தான் உலையில் போடுவேன். நாலு கொதி வந்ததும் அடுப்பை அணைத்து, மேலே பழைய போர்வையைப் போட்டு மூடிவிட்டால் மிச்சத்தைச் சூடே பார்த்துக்கொள்ளும். வெந்நீரா, மொட்டைமாடியில் கறுப்புக் குடத்தில் வெயில் போட்டுத் தரும். கம்பெனியில் கழித்துப் போடுகிற, காயத்துக்குக் கட்டுகிற காஸ் துணியைக் கேட்டு வாங்கி வந்துவிடுவேன். பால் வடிகட்ட, தட்டு துடைக்க, கொசுவுக்கு ஜன்னலில் அடிக்க எல்லாம் அதுதான். கரண்டு நூறு யூனிட்டுக்குள் நிற்க வேண்டும், அதுவரைக்கும் இலவசம். நூற்றொன்றாவது யூனிட்டை என் வீட்டு மீட்டர் பார்த்ததே இல்லை. பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்று ஆன நாளிலிருந்து வீட்டுக்காரரை ஒரு வேலைக்கும் வெளியே விடுவதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் கத்தரிக்காய் கிலோவுக்கு நாலு ரூபாய் குறைச்சல் என்று கேள்விப்பட்டால் நானே பஸ் ஏறிப் போய் வாங்கிவந்துவிடுவேன். மூன்று பஸ் விட்டாலும் சரி, காசு கேட்கிற பஸ்ஸில் கால் வைக்க மாட்டேன். இதில் எனக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது.

எங்களுக்கு ஒரே மகள், சத்யப்பிரியா. ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளை விக்னேஷ்வரன் கொரியர் ஆபீசில் இருக்கிறார். போன வருஷம் அவள் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும் நான் ஒன்றே ஒன்றுக்குத்தான் ஆசைப்பட்டேன். எங்கள் சொந்தத்தில், பிறந்த பிள்ளையை முதலில் கையில் வாங்குகிறவர்களின் குணம் பிள்ளைக்கு ஒட்டும் என்பார்கள். அதனால் யார் வாங்குவது என்று முன்கூட்டியே பேசிவைத்துவிடுவோம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான், ஆகவே வாங்குகிற கை என் கை. வளைகாப்பன்று எல்லார் முன்னாலும் அதைச் சொல்லிவைத்தேன். ஒரு மூக்குத்திக்குக்கூட ஆசைப்படாதவள் நான். அந்தப் பிள்ளையை முதலில் நான் வாங்க வேண்டும் என்று ராத்திரி பகலாக ஏங்கிக் கிடந்தேன்.

ஏழாம் மாதம் மகளை அழைத்துவந்தோம். வந்த முதல் நாளே பகலில் ஃபேன் போட்டுக்கொண்டு படுத்தாள். நான் போய் அணைத்துவிட்டு வாசலில் காற்று வருகிறது, வந்து உட்கார் என்றேன். எழுந்து வந்தாள். தினமும் முட்டை சாப்பிடச் சொல்லியிருக்கிறார்கள் என்றாள். முட்டை ஆறு ரூபாய், ஏழு ரூபாய் என்று ஏறிக்கொண்டிருந்த நேரம். வாரத்துக்கு இரண்டு அவித்துக் கொடுத்தேன். ஆரஞ்சு கேட்டாள். எலுமிச்சம்பழம் அதைவிடச் சத்து என்று சொன்னேன். இன்னொரு கரண்டி சாதம் கேட்டபோது நான் சொன்னதை இப்போது மறைக்கப் போவதில்லை.

"ஏட்டி, அளவா தின்னு. பிள்ளை பெருத்துச்சுன்னா ஆபரேஷன்ல கொண்டுபோய் விட்ரும். அம்புட்டுக் காசுக்கு யாரு போறது?"

தட்டை அப்படியே கழுவப் போட்டுவிட்டாள். அதற்குப் பிறகு அவள் எதையும் கேட்கவில்லை. மகளுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று நான் வீட்டுக்காரரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. வாய் திறந்து ஏதாவது சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அந்த மனுஷன் என்றைக்குச் சொன்னார்?

எட்டாம் மாதச் செக்கப்பில் டாக்டரம்மா என்னைப் பிடித்துக் காய்ச்சி எடுத்துவிட்டார். ரத்தம் குறைச்சல், பிள்ளை எடை குறைச்சல், தாயைப் பார்த்தால் தாய் மாதிரி இல்லை, வீட்டில் என்னதான் கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். மகள் முந்திக்கொண்டு, அம்மா எல்லாம் தருகிறார்கள், எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை என்று சொன்னாள். திரும்பும்போது அவளுக்குத் தலை சுற்றியது. பஸ் ஸ்டாப்பில் காசு பஸ் இரண்டு போனது. டவுன் பஸ் இப்போது வந்துவிடும் என்று அவளைத் தூண் நிழலில் உட்காரவைத்தேன். முக்கால் மணி நேரம் கழித்து வந்தது.

அந்தச் செய்தியை மகள் போனில் சொல்லியிருப்பாள் போல. மறுநாளே சம்பந்தக்காரி இருளம்மாள், மாப்பிள்ளையின் அம்மா, பை நிறையத் தூக்கிக்கொண்டு வந்தார். பேரீச்சம்பழம், மாதுளை, இரண்டு பெரிய ஹார்லிக்ஸ் பாட்டில். கோவிலில் வைத்து எடுத்துவந்ததாகச் சொன்னார். பாட்டில் மூடியில் மஞ்சளும் குங்குமமும் வைத்திருந்தார். மருமகளின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இரண்டு வேளையும் கலக்கிக் குடி தாயி என்று சொல்லிவிட்டுப் போனார்.

பழத்தை மகளுக்குக் கொடுத்தேன். சத்தியமாகக் கொடுத்தேன். ஹார்லிக்ஸ் கலக்க வேண்டுமென்றால் பால் வேண்டும், சீனி வேண்டும், அடுப்பு எரிய வேண்டும். அதைக் குடித்துத்தான் நான் இவளைப் பெற்றேனா? தெருமுனையில் மளிகைக் கடை வைத்திருக்கிற சங்கையா அண்ணாச்சி, உடைக்காத பாட்டிலைத் திருப்பி எடுத்துக்கொள்வார். விலையில் கொஞ்சம் பிடித்துக்கொண்டு சாமான் கொடுப்பார். எங்கள் தெருவில் எல்லாரும் செய்கிறதுதான். ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வருகிறவர்கள் கொண்டுவருகிற பாட்டில்கள் எத்தனை கை மாறி அந்தக் கடைக்கு வந்திருக்கின்றன என்று அவரைக் கேட்டால் சொல்வார். மூடியைத் துடைத்து இரண்டையும் கொண்டுபோய்க் கொடுத்து, கடலை எண்ணெயும் துவரம்பருப்பும் வாங்கிவந்தேன். மகள் பார்த்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று நினைத்தாளோ என்னவோ, முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பதினைந்து நாள் கழித்து இருளம்மாள் திரும்ப வந்தார். சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். கையில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் மட்டும் இருந்தது. அவசரமாகக் கிளம்பியதால் ஒன்றும் வாங்கவில்லை, பஸ்ஸை விட்டு இறங்கி முனைக்கடையில் வாங்கினேன் என்றார். அண்ணாச்சி கடையில் நான் கொடுத்த அதே பாட்டில். மூடியைத் துடைத்தேன் என்று சொன்னேன் அல்லவா, மஞ்சள் மூடிக்குக் கீழே லேபிளில் இறங்கி ஊறியிருந்ததை நான் கவனிக்கவில்லை. அவர் கவனித்திருந்தார்.

பாட்டிலை மகளுக்கு முன்னால் வைத்துவிட்டு, போன தடவை கொடுத்தது தீர்ந்துவிட்டதா என்று சாதாரணமாகக் கேட்டார். மகள் என்னைப் பார்த்தாள். பிறகு, தீர்ந்துவிட்டது அத்தை, இரண்டு வேளையும் குடித்தேன், அம்மாதான் கலக்கித் தந்தாள் என்றாள்.

இருளம்மாள் லேபிளை என் பக்கம் திருப்பிவைத்தார்.

"மதினி, உங்க வீட்ல வந்து எம்மருமக பட்டினி கெடக்கவும் படிச்சிருக்கா, பொய் சொல்லவும் படிச்சிருக்கா. நான் கூட்டிட்டுப் போறேன்."

ஒன்பதாம் மாதம் வயிற்றுப்பிள்ளைக்காரியைத் தாய்வீட்டிலிருந்து திருப்பிக் கூட்டிப்போகிற வழக்கம் எங்கேயாவது உண்டா? நான் கத்தினேன். எங்கள் வீட்டுச் சிக்கனம் உங்களுக்கு இளக்காரமாப் போச்சா, என் பிள்ளையை நான் கொல்லவா பார்க்கிறேன் என்றெல்லாம் கேட்டேன். அந்த அம்மா மகளின் துணிகளை மடித்துப் பையில் வைத்தார். ஆட்டோவைக் கூப்பிட்டார். மகள் என் பக்கத்தில் வந்து, நீ வேண்டாம்னு சொல்லும்மா, நான் போகவில்லை என்றாள். ஒரு வார்த்தை போதும். இருடி என்று சொல்லியிருந்தால் அவள் இருந்திருப்பாள். ஆனால் என் மூளைக்குள் ஏறியிருந்த கோபம் வேறு ஒன்றைச் சொன்னது.

"போறவ போ. ஒரு வாய்ச் சோறாச்சும் மிச்சமாகும்."

இப்படிச் சொன்ன வாயை நான் என்ன செய்வது? ஆட்டோ போனதும் வீட்டுக்காரர் சாப்பிடாமல் ட்யூட்டிக்குப் போய்விட்டார். அன்றைக்குப் பொங்கிய சோறு அப்படியே கிடந்தது. நீர் ஊற்றி வைத்து மறுநாள் நானேதான் குடித்தேன்.

அடுத்த பதினெட்டு நாளும் அவள் எனக்குப் போன் பண்ணவில்லை. நானும் பண்ணவில்லை, வீம்பு. கம்பெனியில் துணி மடிக்கும்போது கண்ணில் தண்ணீர் வந்தால் தூசி என்பேன். பிள்ளையை வாங்குகிற கை எனக்கு இல்லை என்று முடிவாகிவிட்டது, சரி என்று மனசை இறுக்கிக்கொண்டேன்.

பத்தொன்பதாம் நாள் காலையில் மாப்பிள்ளை கூப்பிட்டார். வலி எடுத்துவிட்டது, இங்கே நர்சிங் ஹோமில் சேர்த்திருக்கிறோம், அம்மா வேண்டும், அம்மா வேண்டும் என்று உங்களைத்தான் கேட்கிறாள், உடனே வாங்க அத்தை என்றார். மடித்துக்கொண்டிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். முதலில் வந்த காசு பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர் மீதிச் சில்லறை கொடுத்தாரா என்றுகூடப் பார்க்கவில்லை. அதை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

இருளம்மாள் பிரசவ அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குக் கூச்சமாக இருந்தது. நடந்தது நடந்துபோச்சு, பெத்தவ நீங்கதான், பிள்ளையை நீங்களே வாங்குங்க மதினி, பிரியாவும் அதைத்தான் சொன்னாள் என்றார். நான் அங்கேயே அழுதுவிட்டேன். இவ்வளவு பெரிய மனசு எனக்கு இருந்திருந்தால் என்று அந்த நேரத்தில் தோன்றியது.

பதினொன்றரை மணிக்கு உள்ளே பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது. செத்த நேரத்தில் ஆயாம்மா கதவைப் பாதி திறந்துகொண்டு, பச்சைத் துணியில் சுற்றிய பிள்ளையோடு வாசற்படியில் நின்றாள். பெண் பிள்ளை, தாயும் பிள்ளையும் நல்லா இருக்காங்க என்றாள். சிவந்து, சுருங்கி, என் மகள் பிறந்தபோது இருந்த அதே நெற்றி. நான் இரண்டு கையையும் நீட்டினேன்.

"சந்தோசமா ஒரு ஐந்நூறு குடுங்கக்கா" என்றாள் ஆயாம்மா.

எல்லா இடத்திலும் கேட்கிறதுதான். மகாலட்சுமி வந்திருக்கிறாள், ஆயிரம் கேட்டாலும் கொடுக்கலாம். நான் நீட்டிய கையில் ஒன்றை மடக்கி இடுப்பில் செருகியிருந்த பர்ஸை எடுத்துவிட்டேன். ஜிப்பைத் திறந்துவிட்டேன். அதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"ஆம்பளப் பிள்ளைக்குத்தான ஐந்நூறு. பொட்டப் பிள்ளைக்குக் கொறச்சு வாங்கிக்கோ."

யோசித்துச் சொல்லவில்லை. முப்பது வருஷமாகக் கத்தரிக்காய்க்காரனிடமும் கீரைக்காரியிடமும் வந்து விழுகிற அதே பேச்சு, அதே குரலில் வந்து விழுந்தது. ஆயாம்மா முகத்தைச் சுளித்தாள். இருளம்மாள் கண்ணை மூடிக்கொண்டார். பாதி திறந்த கதவுக்கு உள்ளே, கட்டிலில், என் மகளின் தலை இந்தப் பக்கம் திரும்பியது. வியர்வையில் முடியெல்லாம் நெற்றியில் ஒட்டியிருந்தது. குரல் மெதுவாகத்தான் வந்தது.

"அத்த, பிள்ளைய நீங்க வாங்குங்க. அந்தக் குணம் எம்பிள்ளைக்கு ஒட்ட வேண்டாம்."

நான் ஐந்நூறு ரூபாய் நோட்டை வெளியே எடுத்து நீட்டினேன். இந்தா, வச்சுக்கோ, பிள்ளையைக் குடு என்று ஆயாம்மாவிடம் கெஞ்சினேன். அவள் உள்ளே திரும்பி என் மகளைப் பார்த்தாள். மகள் இல்லையென்று தலையை அசைத்தாள். இருளம்மாள் என் முகத்தைப் பார்க்காமல் வந்து கையை நீட்ட, பிள்ளை என் முழங்கையை உரசிக்கொண்டு அந்த அம்மாவிடம் போனது.