சிரில் ஏறாத மலை

மலையேறும் பூட்ஸ் விற்றே முப்பது வருஷம் குடும்பம் நடத்தியவர் சிரில். கடைக்கு விளம்பரம் என்று ஒரு காசு செலவழித்ததில்லை. கல்லாவுக்கு மேலே கண்ணாடிச் சட்டத்தில் தொங்கிய பதக்கம் ஒன்றே போதும். நாட்டின் பெரிய சிகரங்களையெல்லாம் ஏறி, சிகரத்துக்குச் சிகரம் கையடக்கப் புத்தகத்தில் முத்திரை குத்தி வந்தவனுக்குத்தான் மலையேறிகள் சங்கம் அதைக் கொடுக்கும். "யாலோவெட்ஸ் ஏறின கால் சொல்லுது, இந்த ஜோடிய எடுத்துக்குங்க" என்பார். வாடிக்கையாளர் மறுபேச்சில்லாமல் பையைத் திறப்பார். யாலோவெட்ஸ் என்றால் சும்மாவா? கத்தியைச் செங்குத்தாக நட்டு வைத்தது மாதிரி மலை.

சரக்கில் ஒரே ஒரு சொத்தை. அந்தக் கால் யாலோவெட்ஸ் ஏறியதே இல்லை.

விஷயம் தெரிந்தவர்கள் மூன்று பேர். ஒருவர் சிரில். இன்னொருவர் அவருடைய சிநேகிதர் வின்கோ. போன குளிர்காலத்தில் அவரைத் தேவாலயத் தோட்டத்தில் புதைத்தாயிற்று. மூன்றாவது ஆள் மனைவி பாவ்லா. அவள் இந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் அடுக்களை மேசையில் வாதுமைக்கொட்டை ரொட்டியை வெட்டிக்கொண்டிருந்தாள். எதிரே வின்கோவின் மகள் நேஷா வரைபடத்தை விரித்து, நான்கு மூலைக்கும் நான்கு காப்பிக் கோப்பைகளைப் பாரம் வைத்துக்கொண்டிருந்தாள்.

"செப்டம்பர் முதல் சனிக்கிழமை, மாமா. நீங்களும் அப்பாவும் போன அதே நாள். காலைல அஞ்சு மணிக்குத் தாமர் விடுதில இருந்து கிளம்பினா பதினோரு மணிக்கு உச்சி. இருட்டுறதுக்குள்ள கீழ. சரியா?"

"ம்" என்றார் சிரில். விலை பிடிக்காத வியாபாரி போடுகிற 'ம்' அது.

"பனி ஓடைக்கு அப்புறம் பிடிச்சு ஏற இரும்புக் கம்பி இருக்கே, அது இடது பக்கமா வலது பக்கமா?"

"அப்ப இருந்தது ஒரு பக்கம். இப்ப மாத்தியிருப்பாங்க."

"தண்ணி கிடைக்குமா?"

"மழை பேஞ்சா கிடைக்கும்" என்று குறுக்கே புகுந்தாள் பாவ்லா. "சொல்லேன் சிரில், உனக்குத்தான் அந்த மலையக் கல்லு கல்லாத் தெரியுமே."

சிரில் அவளை முறைத்தார். அவள் ரொட்டித் தட்டை அவர் பக்கம் தள்ளினாள்.

முப்பத்துநான்கு வருஷத்துக்கு முந்தைய அந்தச் சனிக்கிழமை அவருக்கு நேற்று மாதிரி இருந்தது. விடுதிச் சமையலறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரு பெண் சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டிவிட்டு, மூட்டை உருளைக்கிழங்கை ஒற்றை ஆளாக உரித்துக்கொண்டிருந்தாள். "சும்மா நிக்கிற கைக்கு இங்க வேலை இருக்கு" என்றாள். வின்கோ வாசலில் நின்று மூன்று தரம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, நண்பனின் முத்திரைப் புத்தகத்தையும் தன் பையில் போட்டுக்கொண்டு தனியாகக் கிளம்பினான். சிரில் பொழுது சாய்கிறவரை கிழங்கு உரித்தார். அண்ணாந்தால் ஜன்னல் நிறைய யாலோவெட்ஸ். அவர் அதிகம் அண்ணாந்து பார்க்கவில்லை. ஈரத் தோலின் மண்வாசனையும் அந்தப் பெண்ணின் சிரிப்பும்தான் அன்று அவர் ஏறிய உயரம். அடுத்த மே மாதம் கல்யாணம்.

நேஷா பென்சிலைக் கீழே வைத்தாள். "ஒண்ணு சொல்றேன், சிரிக்கக் கூடாது. எனக்கு உயரம்னா பயம். அப்பா அந்தக் கடைசி முகட்டுல கையைப் பாக்கெட்ல விட்டுக்கிட்டு நடந்தாராம். நான் மூணாம் மாடி ஜன்னல் துடைக்கவே நடுங்குறவ. ஆனா நீங்க முன்னால போறீங்க. உங்க கால் பட்ட இடத்துலயே என் காலையும் வெப்பேன். அதான் என் மொத்தத் திட்டமும்."

எத்தனையோ பேருக்கு எத்தனையோ பொய்யை அளவெடுத்து மாட்டிவிட்டவர் சிரில். கடிக்கிற பூட்ஸை 'போகப் போகச் சரியாயிடும்' என்று சொல்லி விற்றிருக்கிறார். அதெல்லாம் கால் கொப்புளத்தோடு போயிற்று. இது அப்படிப் போகாது.

"நேஷா" என்றார். "என் பின்னால வராதே. நான் அந்த மலைய ஏறினதே இல்ல."

பாவ்லாவின் கத்தி நின்றது.

சிரில் எல்லாவற்றையும் சொன்னார். கிழங்கு மூட்டை, வின்கோ முத்திரை குத்திக் கொண்டுவந்த புத்தகம், பதக்கம். நேஷா வரைபடத்தின் மேலிருந்த கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்தாள்.

"அடக்கத்தன்னிக்குக் கூட, அப்பாவோட உச்சில உக்காந்து ரொட்டி தின்னதா எல்லார் முன்னாடியும் சொன்னீங்களே மாமா?"

"சொன்னேன்."

"அப்ப அப்பா அங்க தனியா இருந்தாரு."

"தனியாத்தான்."

அவள் வரைபடத்தை மடிக்கத் தொடங்கினாள். சிரிலுக்கு இன்னும் ஒரு ரகசியக் கட்டு பாக்கி இருந்தது. அதை அவிழ்க்க அவருக்கு உரிமை உண்டா என்று தெரியவில்லை. செத்துப்போனவனிடம் மறுபேரம் பேச முடியாது.

"உங்கப்பன் சாயங்காலம் இறங்கி வந்தான்" என்றார் மெதுவாக. "முட்டி ரெண்டும் கிழிஞ்சு, ரத்தம். சூப்புக் கிண்ணத்தைப் பிடிக்க முடியல, கை அப்படி உதறுது. இவதான் ஊட்டிவிட்டா."

"பாதிதான் உள்ள போச்சு" என்றாள் பாவ்லா.

"பாக்கெட்ல கை விட்டுக்கிட்டு நடந்ததெல்லாம் கதை. கடைசி முகடு முழுக்க நாலு கால்ல தவழ்ந்துதான் போனான். கண்ணைப் பாதி மூடிக்கிட்டு, அம்மா அம்மான்னு. அவனே சொன்னான். 'உன் கிழங்க நான் சொல்லமாட்டேன், என் முட்டிய நீ சொல்லாதே'ன்னு கை நீட்டினான். நானும் கை கொடுத்தேன். சாகறவரைக்கும் அவன் வாக்குத் தவறல."

நேஷா வரைபடத்தைப் பாதி மடிப்பிலேயே விட்டாள்.

"பயந்தாரா?" என்றாள்.

"பயந்தான். ஆனாலும் போனான். நான் பயப்படவே இல்ல, ஏன்னா நான் போகவே இல்ல."

அவளுடைய உதடு முதலில் கோணியது. பிறகு சிரித்தாள், சிரிப்பு அடங்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. கண்ணைப் புறங்கையால் துடைத்துவிட்டு வரைபடத்தைத் திரும்ப விரித்தாள்.

"தவழ்ந்து போக அவருக்கு எவ்வளவு நேரம் ஆச்சாம்?"

"முக்கால் மணி நேர வழி. அவனுக்கு ரெண்டு மணி நேரத்துக்கு மேல."

"அப்ப அஞ்சு மணி சரிப்படாது." ஓரத்தில் எழுதியிருந்ததை அழித்து மூன்றரை என்று எழுதினாள். "வழி தெரிஞ்ச ஆள் ஒருத்தரைக் கூலிக்கு வெச்சுக்கலாம். அவர் முன்னால. அப்புறம் நான். எனக்குப் பின்னால நீங்க."

"நானா? இந்த வயசுலயா?"

"தவழ்றதுக்கு என்ன வயசு?" என்றாள் பாவ்லா.

இது கட்டுப்படியாகாத பேரம் என்று சிரிலுக்குத் தெரிந்தது. ரொட்டித் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டார். நேஷா சாமான் பட்டியலை எழுத ஆரம்பித்திருந்தாள்: ரொட்டி, தொத்திறைச்சி, தேநீர். அதற்குக் கீழே கொட்டை எழுத்தில், முட்டியில் தடித்துணி வைத்த கால்சட்டை, இரண்டு.