ஏசுவடியான் வயிற்றுக் கட்டு

1

இந்தக் கதையை எனக்கு ஒரு டீக்கடையில் யாரோ சொன்னார்கள் என்று ஆரம்பித்தால் நீங்கள் உடனே நம்பிவிடுவீர்கள். ஆனால் உண்மை வேறு. பாதி புரிந்தும் பாதி புரியாமலும் வாசித்த ஒரு மருத்துவக் கட்டுரையில்தான் இது கிடைத்தது. மலக்குடல் புற்றுநோய்க்கு வயிற்றை நீளமாகக் கீறி ஆபரேஷன் செய்வது நல்லதா, சின்னச் சின்னத் துளை போட்டுக் கேமரா விட்டுச் செய்வது நல்லதா என்று சோதிக்கிறார்கள். யாருக்கு எது என்பதைக் கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்குவதுபோல் குலுக்கிப் போடும். முடிந்ததும் எல்லோர் வயிற்றிலும் ஒரே அளவில் ஒரு பெரிய கட்டு. படுத்திருப்பவருக்கும் தெரியாது, பார்த்துக்கொள்ளும் நர்சுக்கும் தெரியாது. கட்டுப் பிரிக்கிற நாள்வரை பரம ரகசியம்!

அடி சக்கை என்று நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டேன். வயிற்றில் ரகசியத்தைக் கட்டிக்கொண்டு ஒருவர் படுத்திருக்கிறார். அவர் ரகசியமே தங்காத ஆளாக இருந்துவிட்டால் எப்படியிருக்கும்?

2

"சங்கரன்கோவில் ராஜபாளையம் ரோட்டில் மைக்செட் கடை வைத்திருக்கும் ஏசுவடியான், தன் நோயை எண்ணித் தனிமையில்…"

(வேண்டாம். இந்த மனுஷனுக்குத் தனிமை ஏது? அடித்துவிட்டேன்.)

ஏசுவடியான் சாதாரணமாகப் பேசினாலே அடுத்த தெருவில் கோயில் கொடை ஆரம்பித்துவிட்டதோ என்று எட்டிப் பார்ப்பார்கள். ரத்தம் போனபோது மூலம் என்று நினைத்துக்கொண்டு மாசக்கணக்கில் நாட்டுமருந்து குடித்தார். அதையும் குழாய் ஸ்பீக்கர் வாடகைக்கு எடுக்க வந்தவர்களிடமெல்லாம் விலாவாரியாகச் சொன்னார். கடைசியில் மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில்தான் கேன்சர் என்று தெரிந்தது. டாக்டர் அந்தச் சோதனையைப் பற்றியும் எடுத்துச் சொன்னார்.

"ரெண்டுல எது சார் நல்லது?"

"தெரியாதுங்க. தெரிஞ்சா எதுக்குச் சோதிக்கப் போறோம்?"

ஏசுவடியான் அசந்துபோனார். தெரியாது என்று வாய்விட்டுச் சொல்லும் பெரிய மனுஷனை அவர் அதுவரை பார்த்ததே இல்லை. அந்த ஒரு சொல்லுக்காகவே கையெழுத்துப் போட்டார்.

வெளியே பெஞ்சில் மனைவி பெனிட்டா உட்கார்ந்திருந்தாள். அவளுடைய அண்ணனுக்கு முன்பு வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு, ஒன்றும் செய்வதற்கில்லை என்று அப்படியே மூடிவிட்டார்கள். அதிலிருந்து கீறுவது என்ற பேச்சை எடுத்தாலே அவள் எழுந்து போய்விடுவாள். அன்றைக்கும் அப்படித்தான் வெளியே வந்திருந்தாள்.

"என்னங்க சொன்னாவ?"

"சின்ன ஓட்டைதாம்ட்டி. கேமரா ஆபரேஷன். கீறவே மாட்டாங்களாம்."

வாழ்நாளில் அவர் மெதுவான குரலில் சொன்ன ஒரே விஷயம் அதுதான். அதுவும் பொய்.

3

(பெனிட்டாமேல் எனக்கே சந்தேகம். இவ்வளவு லேசாகவா நம்புவாள்? ஒரு வரைவில் டாக்டரிடம் போய்க் கேட்கவைத்தேன். வாசல்வரை போய்விட்டுத் திரும்பிவிட்டாள். நம்பினால்தான் அவளால் ராத்திரி தூங்க முடியும். நம்பட்டும் என்று விட்டுவிட்டேன்.)

4

ஆபரேஷன் முடிந்தது. கதையைச் சங்கரன்கோவிலிலேயே நடத்த வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆஸ்பத்திரியோ மதுரையில் இருக்கிறது. நான் கவலைப்பட்டிருக்கவே வேண்டாம், ஊரே பஸ் ஏறி வார்டுக்கு வந்துவிட்டது. பெனிட்டா வெந்நீர் வாங்கக் கீழே போயிருந்தாள். கையில் ரொட்டி பாக்கெட்டோடு முதல் ஆளாக வந்தவர், குலுக்கல் சமாச்சாரம் தெரிந்த விசைத்தறி செல்லச்சாமி.

"அண்ணாச்சி, எங்க, ஒருவாட்டி இருமும் பாப்போம்."

"எதுக்குவே?"

"வயிறு பூரா இழுத்தா கீறியிருக்காங்க. அங்கங்க குத்துனா ஓட்டை."

ஏசுவடியான் இருமினார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"பூராவும் இழுக்கு, அங்கங்கயும் குத்துதுவே!"

வார்டே சிரித்தது. நர்ஸ் ஃபஹீமா ஓடிவந்து எல்லோரையும் வெளியே விரட்டினாள்.

"யம்மா, அந்த மூலைய மட்டும் லேசாத் தூக்கிப் பாரேன்" என்று கட்டைத் தொட்டுக் காட்டினார் ஏசுவடியான்.

"அண்ணாச்சி, கைய எடுங்க. எனக்கும் தெரியாது. ஆபரேஷன்ல நின்னவங்கள இந்த வார்டுப் பக்கமே விடுறதில்ல!"

இது எதுவும் தெரியாத பெனிட்டா, திரும்பி வந்து கட்டில் கட்டிலாகப் போய்ச் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "எங்க வீட்டுக்காரருக்குச் சின்ன ஓட்டைதான், கீறலே கெடையாது." அவள் சொல்லும்போதெல்லாம் ஏசுவடியான் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கட்டுக்குள் கீறல் இருந்துவிட்டால் இனி அவள் தன் பேச்சை எதற்குமே நம்ப மாட்டாள் என்று பயந்தார்.

5

எழுதிப் பார்த்த முடிவுகள்:

ஒன்று. உள்ளே துளைகள்தான். பொய் தானாகவே உண்மையாகிவிடுகிறது. எல்லோருக்கும் நிம்மதி. (எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை.)

இன்னொன்று. நீளக் கீறல். பெனிட்டா மயங்கி விழ… (சீ! பாவம், அவள் எதற்கு விழ வேண்டும்?)

மூன்றாவதாக, ஏசுவடியான் திடீரென்று

(நிறுத்திவிட்டேன். இதில் சாவு வந்தது.*)

* கதை எழுதுகிறவனுக்கு இருக்கும் கொஞ்சநஞ்ச அதிகாரத்தை இங்கேயே செலவழித்துவிடுகிறேன்: வெட்டியெடுத்ததைச் சோதித்த ரிப்போர்ட் வந்துவிட்டது. ஓரமெல்லாம் சுத்தம், புற்று மிச்சமில்லை. கம்ப்யூட்டர் எதைக் குலுக்கிப் போட்டிருந்தாலும் இதை மாற்ற மாட்டேன்.

6

கட்டுப் பிரிக்கும் நாள். ஃபஹீமா கையுறை போட்டுக்கொண்டு வந்தாள்.

"பாத்துட்டு எங்க அண்ணன் வீட்டு மதினிக்குப் போன் போடணும். அவளும் பயந்துக்கிட்டே கெடக்கா" என்றாள் பெனிட்டா.

ஏசுவடியான் கட்டின்மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டார்.

"ஏட்டி, நில்லு. சின்ன ஓட்டைன்னு சொன்னது பொய். கம்ப்யூட்டர்தான் குலுக்கிப் போட்டுச்சு. என்ன செஞ்சாங்கன்னு அன்னைக்கும் எனக்குத் தெரியாது, இன்னைக்கும் தெரியாது."

(இந்த இடத்தில் பெனிட்டாவை அழவைத்து ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன். அவள் அழவில்லை.)

"அப்ப உள்ள கொண்டுபோறப்ப, கீறுவாங்களோன்னு பயந்துக்கிட்டேதான் போனீங்களா?"

"ஆமா."

"ஒத்தையிலயா?"

அவர் தலையாட்டினார்.

"எங்கிட்டச் சொல்லியிருந்தா ரெண்டு பேருமாச் சேந்து பயந்திருப்போம்லா! வந்துட்டாரு பெரிய இவரு!" தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். "நீ எடும்மா. சேந்தே பாப்போம்."

ஃபஹீமா கட்டின் ஓரத்தைத் தூக்கினாள். இருவரும் ஒரே நேரத்தில் குனிந்து தலையை முட்டிக்கொண்டார்கள். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. பெனிட்டாவின் கொண்டை மறைக்கிறது. எழுதுகிறவன் நான்தான், கொஞ்சம் நகரம்மா என்று சொல்லலாம். சொல்ல மனசு வரவில்லை. உங்களுக்கு அவ்வளவு அவசரமென்றால் நீங்களே அவளிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எனக்குக் கேட்பதெல்லாம் சிரிப்புச் சத்தம்தான்.

"சிரிக்காதீங்க, தையல் பிரிஞ்சிரப் போவுது" என்று சொல்லிவிட்டு, அவரைவிடச் சத்தமாகச் சிரிக்கிறாள் பெனிட்டா.