மீன் டப்பாவோடு ராட்டினம் பார்க்க வந்தவள்

1

இந்தக் கதை எனக்கு ஒரு வரிசையில் நின்றபோது கிடைத்தது. கேளிக்கைப் பூங்காவின் நுழைவாயில். பைகளைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்த காவலர், எனக்கு முன்னால் நின்ற பெண்ணின் கையிலிருந்த பிளாஸ்டிக் டப்பாவைக் காட்டி, "வெளிச் சாப்பாடு உள்ள கொண்டுபோகக் கூடாதும்மா" என்றார்.

"சாப்பாடு இல்லைங்க. மீன்."

"மீனும் சாப்பாடுதானேம்மா."

"உயிரோட இருக்குங்க."

காவலர் மூடியைத் திறந்தார். விரல் நீளத்தில் ஆரஞ்சு நிறமாக ஒன்று தண்ணீருக்குள்ளிருந்து அவரைப் பார்த்தது.

"வீடு மாறிப் போறோம். சாமானெல்லாம் லாரியில போயிடுச்சு. இதைக் கார்ல விட்டா வெந்துடும்" என்றாள் அவள். பக்கத்தில் கணவனும் சின்னப் பெண் ஒருத்தியும் நின்றிருந்தார்கள். காவலர் கொஞ்சம் யோசித்தார். "சரி, ராட்டினத்துல மட்டும் ஏத்திடாதீங்க" என்று விட்டுவிட்டார்.

நான் கண்ணால் கண்டது இவ்வளவுதான். மற்றதெல்லாம் நான் கட்டியது. (மீன் எதற்குக் குறியீடு என்று இப்போதே யோசிக்கத் தொடங்கிவிட்டவர்கள் தயவுசெய்து நிறுத்திக்கொள்ளுங்கள். மீன் மீன்தான்.)

2

'வாழ்க்கை ஒரு நெடுஞ்சாலை, அதில்…' என்று தொடங்கினேன். எனக்கே வாய் கசந்தது.

'அவள் கார் ஜன்னலுக்கு வெளியே வெறித்தபடி…' வேண்டாம். ஜன்னலுக்கு வெளியே வெறித்த பெண்கள் கதைகளில் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறார்கள்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவள் பல் செட் செய்பவள். மெழுகில் அச்செடுத்து, வார்த்து, ராவி, மெருகேற்றி, ஊரார் வாயில் சிரிப்பைப் பொருத்துகிறவள். நாட்டின் மறுகோடியில் இருக்கும் ஒரு பெரிய பல் மருத்துவமனை, தன் செய்கூடம் முழுவதையும் அவள் பொறுப்பில் தர முன்வந்தது. அவள் கணவன் நகரப் பேருந்து ஓட்டுநர். அவளைவிடச் சீக்கிரமாக அவன்தான் "போலாம்" என்றான். ஒரு வாரம் கழித்து, "வேலையை விட்டுட்டேன்" என்றான். அன்று அவள் அவன் தோளில் சாய்ந்து அழுதாள். தனக்காக ஒருவன் இப்படிச் செய்வான் என்று அவள் எதிர்பார்த்திருக்கவில்லை.

அவர்களுடைய மகள் பென்சில்களைக் கொறித்தே தீர்ப்பதால் வீட்டில் அவளுக்குச் சுண்டெலி என்று பெயர். புறப்பட்டதிலிருந்து சுண்டெலி வாயே திறக்கவில்லை. தோழியைப் பிரிந்த வருத்தம் என்று அம்மா நினைத்தாள். போகிற வழியில் கேளிக்கைப் பூங்காவின் விளம்பரப் பலகை வந்ததும் அப்பா யாரையும் கேட்காமல் காரைத் திருப்பினான்.

[அடிக்குறிப்பாக வந்திருக்க வேண்டியது: முதல் பிரதியில் அவன் கணக்கராக இருந்தான். கதை கல் மாதிரி கிடந்தது. பேருந்து ஓட்டுநர் ஆக்கியதும், நெடுஞ்சாலையில் ஒவ்வொரு பேருந்து நிறுத்தத்திலும் பழக்கதோஷத்தில் காரை மெதுவாக்கினான். அப்போதுதான் எனக்கு அவனைப் பிடித்தது.]

3

தண்ணீருக்குள் பாயும் படகில் அப்பாவும் மகளும் ஏறப்போனார்கள். நனையக்கூடியதெல்லாம் அவள் மடிக்கு வந்தது: அவன் கண்ணாடி, பர்ஸ், கைப்பேசி, சுண்டெலியின் காலுறைகள். படகு வெளியேறும் இடத்துக்கு எதிரே இருந்த பெஞ்சில் அவள் உட்கார்ந்தாள். பக்கத்தில் மீன் டப்பா.

கைப்பேசி அடித்தது. 'டிப்போ' என்றிருந்தது. யாரோ நலம் விசாரிக்கிறார்கள் என்று எடுத்தாள்.

"என்னப்பா, லீவு எப்படிப் போகுது?"

"அவர் வீட்டுல பேசறேங்க. என்ன லீவு?"

எதிர்முனையில் டிப்போ மேலாளர் இருமினார். "சம்பளமில்லா லீவுலதானேம்மா போயிருக்காரு? திரும்பி வர்றாரா இல்லையான்னு இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள தெரியணும். இல்லைன்னா அவர் ரூட்டை வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க. நானே மறுபடி கூப்பிடறேன், சொல்லச் சொல்லுங்க."

"சொல்றேங்க" என்று வைத்தாள்.

'அவள் காலடியில் பூமி…' இல்லை, நழுவவில்லை. பெஞ்சு பெஞ்சாகவே இருந்தது. அன்று அவன் தோளில் அழுதாளே, அந்த அழுகையை மட்டும் திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அந்த நேரம் பார்த்துப் படகு தடாலென்று தண்ணீரில் விழுந்தது. தொப்பலாக நனைந்த இரண்டு தலைகள் வாய்விட்டுச் சிரித்தன. புறப்பட்ட பிறகு சுண்டெலி சிரித்தது அப்போதுதான்.

4

இங்கேதான் அவளை எனக்குச் சரியாகத் தெரியாது என்பது தெரிந்தது. ஒரு பிரதியில் அவள் கூட்டத்துக்கு நடுவே கத்தினாள். இன்னொன்றில் எதுவும் நடக்காததுபோல் புன்னகைத்தாள். இரண்டையும் கிழித்துப் போட்டேன். கடி சரியாக உட்காராத பல் செட்டை அவள் வெளியே அனுப்பவும் மாட்டாள், மேசையில் அப்படியே போட்டும் வைக்க மாட்டாள்.

படகிலிருந்து இறங்கி வந்தவனிடம் கண்ணாடியைக் கொடுத்தாள். பர்ஸைக் கொடுத்தாள். கடைசியாகக் கைப்பேசியை நீட்டி, "டிப்போல இருந்து கூப்பிட்டாங்க. நான்தான் எடுத்தேன்" என்றாள்.

கண்ணாடி ஒரு காதில் மாட்டியிருக்க, இன்னொரு காதுக்குப் போகாமல் அவன் கை நின்றது.

"ராட்சத ராட்டினம்!" என்று சுண்டெலி இருவர் கையையும் இழுத்தாள். ஒரு கூண்டில் மூவரும் ஏறினார்கள். காவலர் சொன்னது காற்றோடு போயிற்று, மீனும் ஏறியது. வெளியிலிருந்து கதவைத் தாழிட்டார்கள். (இது என் வசதிக்காகச் செய்தது. கோபித்துக்கொண்டு எழுந்து போக முடியாத இடம் ஒன்று எனக்குத் தேவைப்பட்டது.)

"சொல்லு" என்றாள். கோபம் வந்தால் அவள் பேச்சில் 'ங்க' உதிர்ந்துவிடும்.

"உனக்கு அங்க சரிப்படலைன்னா, திரும்பி வர ஒரு வழி இருக்கட்டுமேன்னு…"

"எனக்கா?"

கூண்டு மேலே ஏறியது. கீழே கார்கள் தீப்பெட்டிகளாகிக்கொண்டிருந்தன.

"எனக்குத்தான்" என்றான். "நம்ம ஊர்ல எந்தத் திருப்பத்துல எந்த நாய் படுத்திருக்கும்னு எனக்குத் தெரியும். அங்க நான் யாரு? உன் வீட்டுக்காரன். அவ்வளவுதான். பயமா இருந்துச்சு."

"அதை வாயைத் தொறந்து சொல்றதுக்கு என்ன? கடிச்சா தின்னுடுவேன்?"

"நீ அவ்வளவு சந்தோஷமா இருந்தே. எப்படிச் சொல்றது?"

அப்போது இருவருக்கும் நடுவிலிருந்து சின்னக் குரல் வந்தது. "நான் சொல்லவே இல்லைப்பா. சத்தியமா."

இருவரும் குனிந்து பார்த்தார்கள்.

"உனக்குத் தெரியுமா?" என்றாள் அம்மா.

"அப்பா என்கிட்ட மட்டும் சொன்னாரு. உன்கிட்ட சொன்னா நீ வருத்தப்படுவேன்னாரு. அதான் நான் பேசவே இல்ல. பேசினா வாயில வந்துடும்ல?"

இந்த வரியை நான் திட்டமிடவில்லை. எழுதிய பிறகு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அவளுடைய கோபம் அதுவரை தன்னைப் பற்றியதாக இருந்தது. இப்போது இடம் மாறி உட்கார்ந்தது.

"என்கிட்ட மறைச்சதைக்கூட விடு" என்றாள் மெதுவாக. "இவ வாயைக் கட்டிப் போட்டியே. வழி முழுக்கக் குழந்தை பேசல. அவ ஃபிரெண்டை நெனச்சு ஏங்கறான்னு நான் தலையைத் தடவிட்டு வர்றேன்."

அவன் கண்ணாடியைக் கழற்றி நனைந்த சட்டையில் துடைத்தான். இன்னும் மங்கலாயிற்று. மகளைப் பார்த்து, "அப்பா பண்ணினது தப்புடா. இனிமே எதையும் உன்கிட்ட ஒளிச்சு வைக்கச் சொல்ல மாட்டேன்" என்றான்.

"அப்ப இன்னொரு சுத்து சுத்தலாமா?" என்றாள் சுண்டெலி.

சுற்றினார்கள். அந்தச் சுற்று முழுக்கச் சுண்டெலி, வழியெல்லாம் அடக்கி வைத்திருந்ததை மொத்தமாகக் கொட்டினாள்.

5

முடிவுகள். ராட்டினத்தின் உச்சியில் வைத்தே அவன் வேலையை விடுகிறான், அவள் அழுகிறாள். சினிமா. அடித்துவிட்டேன். பேருந்து நிலையத்தில் அவனை இறக்கிவிட்டு அவள் போய்விடுகிறாள். இதைப் படித்த நண்பர், "குழந்தையை ஒரு வார்த்தை கேட்டியா?" என்றார். கேட்கவில்லை. அதையும் அடித்தேன்.

என்னால் உறுதியாகச் சொல்ல முடிந்தது இதுதான். கார் நிறுத்துமிடத்தில் அவள் அவனிடம் சொன்னாள்: "நான் போறேன். அதுல மாத்தம் இல்ல. வர்றதா திரும்பறதான்னு நீங்க யோசிங்க. ஆனா என் பேரைச் சொல்லி எதையும் முடிவு பண்ணாதீங்க. டிப்போ மேனேஜர் சாயங்காலம் கூப்பிடுவாரு, நீங்களே பேசுங்க."

'ங்க' திரும்பி வந்துவிட்டதை அவன் கவனித்தான். சமாதானமா, தூரமா என்று அவனுக்குப் பிடிபடவில்லை. எனக்கும்தான்.

அவள் சாவிக்குக் கை நீட்டினாள். கல்யாணமான நாளிலிருந்து ஓட்டுபவருக்குப் பக்கத்துச் சீட்டில் அவன் உட்கார்ந்ததில்லை. இல்லாத பிரேக்கைக் கொஞ்ச தூரம் காலால் அழுத்திக்கொண்டே வந்தான்.

"லாரி ஒதுங்குது, முந்திக்கோ."

"எனக்குக் கண்ணு இருக்கு."

பின்சீட்டில் சுண்டெலி சிரித்தாள். அவன் சட்டை காயட்டும் என்று கார் கண்ணாடிகளை இறக்கியிருந்தார்கள். காற்று இரைந்தது. வெயில் சாயத் தொடங்கியபோது கைப்பேசி அடித்தது.

அவன் அவளைப் பார்த்தான். அவள் சாலையைப் பார்த்தாள். அவன் எடுத்து, "சொல்லுங்க சார்" என்றான். காற்று இரைச்சலில் மேலாளருக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது, "ஆங், நான்தான் சார், நான்தான்" என்றான் மறுபடியும்.

அவன் சொல்லப்போவது தன் காதில் தெளிவாக விழ வேண்டும் என்று அவள் கார் கண்ணாடிகளை முழுக்க ஏற்றிவிட்டாள்.

நான் வெளியே இருந்தேன். கார் போய்விட்டது. நீங்கள் உள்ளே, சுண்டெலிக்குப் பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தீர்கள்? என்ன சொன்னான்?