பச்சை டப்பா

மகள் மூன்றாவது பெட்டியையும் செய்தித்தாளில் கவிழ்த்தாள். வாஷர்கள் உருண்டு மேசைக்கடியில் ஓடின. பக்கத்து அறையில் ஆக்சிஜன் இயந்திரம் சீறிக்கொண்டிருந்தது. அதோடு இணைந்த தண்ணீர்க் குப்பியின் மூடியிலிருந்த ரப்பர் வளையம் அறுந்து, அப்பாவின் மூக்குக்குப் போகவேண்டிய காற்றில் பாதி வெளியே போனது. இயந்திரத்தை வாடகைக்குக் கொடுத்த கடைக்காரர், வர இரண்டு மணி நேரமாகும் என்றார்.

அப்பா முப்பது வருடம் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். கழற்றிய எதையும் எறியமாட்டார். பிஸ்கட் டப்பா, பவுடர் டின், மாத்திரைக் குப்பி என்று கிடைத்ததிலெல்லாம் சேர்த்துவைத்திருந்தார். "இது வீடா, காயலான் கடையா?" என்று கேட்டுக் கேட்டு அம்மா ஓய்ந்துபோனாள். அவரைப் பார்த்துக்கொள்ள வந்த மகள்தான் போன மாதம் ஒரே நாளில் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தினாள். தடுப்பு வைத்த பிளாஸ்டிக் பெட்டிகள் வாங்கி, அளவுவாரியாகப் பிரித்து, சீட்டு ஒட்டினாள். துருப்பிடித்த டப்பாக்கள் குப்பைவண்டியில் போயின. படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்த அப்பா, "நல்லாத்தான் இருக்கு" என்றார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

வளையம் எதில் இருக்கும் என்று இன்று கேட்டபோது, அவர் உதடு சிரமப்பட்டு அசைந்தது.

"பச்சை... டப்பா."

"சரிப்பா."

அதிலிருந்தவை இப்போது எட்டுப் பெட்டிகளில் சிதறிக் கிடந்தன. ஒவ்வொன்றாக எடுத்து, அறுந்த வளையத்தோடு வைத்துப் பார்த்தாள். பெரிது. சிறிது. காய்ந்து விரிசல் விட்டது. ஆறாவது பெட்டியில் ஒன்று ஒத்துப்போனது. ஓடிப்போய் மாட்டினாள். காற்று கசியும் சீறல் நின்றது; இயந்திரத்தின் இரைச்சல் மட்டும் இருந்தது. குப்பிக்குள் தண்ணீர் குமிழியிட்டது.

அப்பா கண்ணைத் திறந்தார். "கெடைச்சுதா?"

"கெடைச்சுதுப்பா."

"அதுலதானே இருந்துச்சு?"

கதவோரம் நின்ற அம்மா கையிலிருந்த டம்ளரைக் குனிந்து பார்த்தாள்.

"ஆமாப்பா. பச்சை டப்பாலதான்."

"சொன்னேன்ல." அவர் முகத்தில் பழைய மிடுக்கு ஒரு கணம் வந்து போனது. "அத மட்டும்... தூக்கிப் போட்டுடாத."

"மாட்டேன்பா."

மாலை நான்கரைக்கு அவர் மூச்சு அடங்கியது. மகள் வெகுநேரம் கழித்துத்தான் இயந்திரத்தை அணைத்தாள். திடீரென்று தெருச் சத்தமெல்லாம் அறைக்குள் கேட்டது.

"அண்ணனுக்குச் சொல்லணும்மா" என்றாள்.

"சொல்லு."

மகள் எழவில்லை. அம்மா கட்டிலோரம் உட்கார்ந்து அவருடைய சட்டையின் மேல் பொத்தானைப் போட்டாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கழுத்தை இறுக்கும் என்று நினைத்தவள்போல, அதை மெல்லக் கழற்றிவிட்டாள்.