தையல் வேண்டாம் என்ற ஊர்

அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் இருக்கும் எங்கள் ஊருக்கு டாக்டர் கிடையாது. என் அம்மா மார்லிஸ்தான் இருக்கிறாள். அவள் பிசிஷியன் அசிஸ்டென்ட், அதாவது டாக்டர் பொறுப்பின்கீழ் வைத்தியம் பார்க்க உரிமம் பெற்றவள். டாக்டர் நகரத்தில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுவார். ஊசி, தையல், கிழவர்களைத் திட்டுவது எல்லாம் அம்மா. கல்லூரி விடுமுறைக்கு வந்த நான் கிளினிக் வரவேற்பு மேசையில் இருந்தேன். தகுதி: மகன்.

அன்று அந்த உரிமத்தைப் புதுப்பிக்கக் கடைசி நாள். படிப்பு விவரம், கட்டணம், தன்மேல் வழக்கு இல்லை என்ற உறுதி, எல்லாவற்றையும் கணினியில் தட்டி முடித்த அம்மா ஒரு கேள்வியில் நின்றுவிட்டாள். பாதுகாப்பாக வேலை செய்ய முடியாதபடி உடலில் ஏதும் குறை உண்டா? உண்டு என்றால் விசாரணை முடியும்வரை உரிமம் கிடைக்காது. கிளினிக்கைப் பூட்ட வேண்டியதுதான்.

அவளது வலது கை மேசைக்கு அடியில் இருந்தது. குளிர்காலத்திலிருந்தே அது நடுங்குகிறது. தன்னையும் என்னையும் தவிர யாருக்கும் அது தெரியாது என்று நம்பிக்கொண்டிருந்தாள்.

"இல்லைன்னு போடும்மா. வந்து கையைப் பிடிச்சா பார்க்கப்போறாங்க?"

"நீ அரசியல் படிக்கிறது வீண்போகலடா."

அப்போது ஆர்லன் உள்ளே வந்தார். கோதுமை விவசாயி. முன்கையில் துண்டு சுற்றியிருந்தது. துண்டு முழுக்க ரத்தம். மரியாதையாகத் தொப்பியைக் கழற்றினார்.

"ஒண்ணுமில்ல மார்லிஸ். வேலிக்கம்பி லேசா கீறிடுச்சு."

அம்மா துண்டை விலக்கினாள். "இது கீறலா? உள்ளே கொழுப்பு தெரியுது. தையல் போடணும்."

"சேச்சே, தையல் எதுக்கு? பிளாஸ்திரி ஒட்டிவிடு, போதும்."

"அப்ப நகரத்துக்காவது போ."

"நீ இருக்கும்போது அங்க போனா நல்லாவா இருக்கும்?"

"போன மாசம் ஈவ்லின் மோவாய் கிழிஞ்சு வந்தா. அவளும் பிளாஸ்திரி போதும்னா. அதுக்கு முன்னாடி ரோல்ஃப்..." அம்மா நிறுத்தினாள்.

ஆர்லன் சுவரில் இருந்த, கை கழுவும் முறை பற்றிய படத்தை ஆழ்ந்து படித்தார். எங்கள் ஊர்க்காரர்கள் பக்கத்து வீடு பற்றி எரிந்தால்கூட, இன்றைக்குக் கொஞ்சம் வெக்கையாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள்.

"எல்லாருக்கும் தெரியுமா, ஆர்லன்?"

"என்னது தெரியுமா?" என்றார். பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் உடனே தலை குனிந்தார். "சர்ச்சுல காபி குடிக்கும்போது உன் கையைப் பத்திப் பேச்சு வந்துச்சு. தப்பா யாரும் பேசல, மார்லிஸ். உன் மனசு நோகக் கூடாதுன்னுதான்..."

"ஈவ்லினுக்குத் தழும்பு அப்படியே நின்னுடுச்சு."

"அவ ஒரு வார்த்தை குறை சொல்லலையே."

"அதான் ஆர்லன்," என்றாள் அம்மா. "அதேதான்."

காயத்தைக் கழுவி, பஞ்சு வைத்து, இடது கையால் வலது கையைப் பிடித்தபடியே இறுக்கிக் கட்டினாள். நேரம் பிடித்தது. ஆர்லன் அசையவில்லை. பிறகு கணினிப் பக்கம் திரும்பி, 'உண்டு' என்பதை அழுத்தி அனுப்பிவிட்டாள். அவ்வளவுதான். இருபது வருட வேலை அதோடு நின்றது.

"இவரை நகரத்துக்குக் கூட்டிட்டுப் போ. தையல் போடச் சொல்லு. பிளாஸ்திரி போதும்னு இவர் சொன்னா நம்பாதீங்கன்னு அங்க டாக்டர்கிட்ட சொல்லு."

ஆர்லனை வண்டியில் ஏற்றிக்கொண்டு நகரத்துக்குக் கிளம்பினேன்.

"நான் வாயைத் திறந்திருக்கக் கூடாது தம்பி," என்றார் பாதி வழியில். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

இந்த வருடம் விளைச்சல் எப்படி என்று கேட்டேன்.

பரவாயில்லை என்றார்.