அண்ணன் துடிக்கும் தட்டு

தங்கை நுண்ணோக்கியில் கண்ணை வைத்தாள். கண்ணாடித் தட்டிலிருந்த செல்கள் பாதியாய் இளைத்திருந்தன. அண்ணனின் வீங்கிப்போன இதயத்தில் அறுவை சிகிச்சை நடந்தபோது கடுகளவு தசையைக் கேட்டு வாங்கிவந்து, தன் ஆய்வகத்தில் அவளே வளர்த்த செல்கள் அவை.

இதயத்துக்குள்ளும் குப்பை சேரும். தேய்ந்துபோன புரதங்களுக்கு அடையாளம் வைத்து வெளியே தள்ள ஒரு நொதி உண்டு. அண்ணனுடைய நொதி, அண்ணனைப் போலவே, படுசோம்பேறி. அதை உசுப்பிவிடும் மருந்தில் ஒரு சொட்டைப் போன வாரம் தங்கை விட்டது தட்டில்தான், அண்ணனுக்கு அல்ல. ஆனால் அன்று மாலையே அவர் விறுவிறுவென்று மாடியேறி, மூச்சு வாங்காமல் அண்ணியோடு சண்டை போட்டார். அண்ணி சந்தோஷத்தில் அழுதேவிட்டாள். ஆய்வகத்தில் தங்கை மூச்சுவிடவில்லை. சொன்னால் விடுப்பு கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

அதோடு நின்றிருந்தால் தேவலை. குப்பை தீர்ந்த பிறகும் நொதி துடைப்பத்தைக் கீழே வைக்கவில்லை. நல்ல புரதங்களையும் கூட்டித் தள்ளிக்கொண்டிருந்தது.

கைபேசி அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்னம்மா விஞ்ஞானி, ஒரு சந்தேகம். நான் உக்காந்தா நாற்காலி கிரீச்சுன்னு கத்துமில்ல? இப்ப சத்தமே காணோம்."

"அது திருந்திடுச்சு போல."

"சட்டைப்பையில கல்லு போட்டுவிடட்டுமான்னு உங்க அண்ணி கேக்கறா. அவ கவலை அவளுக்கு."

"அண்ணா, போனை வைக்காத. பேசிக்கிட்டே இரு."

மருந்தை உடனே கழுவியாக வேண்டும். தட்டைச் சாய்த்துத் திரவத்தை உறிஞ்சி எடுத்தாள்.

"நேத்து பாரு, மொட்டை மாடியில காத்து..." என்ற அண்ணன் பாதியில் நின்றார்.

புதிய ஊட்டத் திரவத்தை அவசர அவசரமாக ஊற்றினாள். ஊற்றிய பிறகுதான் விரல்களுக்கு உறைத்தது: புட்டி ஜில்லென்றிருந்தது. வெதுவெதுப்பாக்காமல் ஊற்றாதே என்று புதிதாக வருபவர்களை எல்லாம் விரட்டுபவள் அவளேதான்.

"ஏய்..." என்றது கைபேசி, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல. "ஜன்னலெல்லாம் சாத்தித்தான் இருக்கு. ஆனா குளிருதே. உள்ள... நெஞ்சுக்குள்ள."

அவள் தட்டை இரண்டு உள்ளங்கைகளாலும் பொத்திக்கொண்டாள்.

"அண்ணா?"

கைபேசியில் எங்கோ தள்ளி, "என்னங்க, இங்க பாருங்க, என்னங்க" என்று அண்ணியின் குரல்.

செல்கள் துடிக்கின்றனவா என்று பார்க்கக் கையை எடுக்க வேண்டும். எடுத்தால் சூடு போய்விடும். விரலிடுக்கு வழியாக மெதுவாக ஊதினாள். கண்ணாடியில் ஆவி படர்ந்தது. கைக்குள் ஏதோ லேசாகத் துடித்தது. அது அவளுடைய நாடியாகவும் இருக்கலாம்.