தரையில் படுத்தவள்

கட்டில் வாங்கப் போனவள் குதிரை வாங்கிக்கொண்டு வந்த கதை அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். அவள் மூக்குக்கண்ணாடிக் கடை தொடங்கிய புதிது. கடைக்கு மேலேயே ஓர் அறை எடுத்துத் தனியாக இருந்தாள். பழைய சாமான் கடையில் கட்டில் மலிவாகக் கிடைக்கும் என்று போனவளுக்கு, ஓர் அலமாரிக்குப் பின்னால் சாத்தி வைத்திருந்த படம் கண்ணில் பட்டது. குளியல் தொட்டிக்குள் ஒரு குதிரை நின்றுகொண்டிருந்தது. தொட்டியில் தண்ணீருக்குப் பதில் வானம் நிரம்பியிருந்தது. குதிரையின் முகத்திலோ, வேலைக்குக் கிளம்ப நேரமாகிவிட்டவர்களின் எரிச்சல். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்து முடித்த பிறகு அந்த இடத்தை விட்டு நகர முடியவில்லை. ஏனென்று தெரியாமல் தொண்டையை அடைத்தது.

உலகமே கனவுக்காரர் என்று செல்லமாக அழைக்கும் சர்ரியலிச ஓவியர் ஒருவருடைய படம் அது. மூலப்படம் அல்ல, அவரே மேற்பார்த்து அச்சடித்து, ஒவ்வொன்றிலும் தன் கையால் கையெழுத்துப் போட்ட சில பிரதிகளில் ஒன்று. கடைக்காரருக்கும் அது தெரிந்திருந்தது. பேரம் பேச இடமே கொடுக்கவில்லை. கட்டிலுக்கென்று சேர்த்து வைத்ததெல்லாம் குதிரைக்குப் போயிற்று.

அடுத்த ஒரு வருஷம் அவள் தரையில் பாய் விரித்துப் படுத்தாள். கண் விழித்ததும் தெரிகிற மாதிரி எதிர்ச்சுவரில் படத்தை மாட்டினாள். வக்கீலாகப் பெயர் எடுக்கத் தொடங்கியிருந்த அண்ணன் ஒருநாள் அறையை எட்டிப் பார்த்தார்.

"கட்டில் எங்கே?"

"அதோ," என்று சுவரைக் காட்டினாள்.

"உனக்கென்ன கிறுக்கா? முதுகு போனா அந்தக் குதிரையா வந்து தேய்ச்சு விடும்?"

அதன்பிறகு உறவுக்காரர்கள் கூடும் இடமெல்லாம் அண்ணன் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவளும் சேர்ந்து சிரித்தாள். சிரிக்கக்கூடிய விஷயம்தானே.

ஆனால் அவள் விடவில்லை. ஏலம், பழைய புத்தகக் கடை, வீடு காலி செய்கிறவர்கள் என்று எங்கெங்கோ அலைந்து, வருஷத்துக்கு ஒன்று, இரண்டு வருஷத்துக்கு ஒன்று என்று பதினோரு படங்கள் சேர்த்தாள். குடைக்குள்ளே மட்டும் பெய்கிற மழை. ஒரு பெண்ணின் தலைமுடிக்குள் ஏறிப் போய் மறைகிற மாடிப்படி. சாப்பிட உட்கார்ந்தவர்களை அண்ணாந்து பார்க்கிற தட்டுகள். கனவுக்காரர் கனவை வரைந்தார் என்று புத்தகங்கள் சொல்லின. அவளுக்கு அப்படித் தோன்றவில்லை. கண் பரிசோதனையில் ஒரு லென்ஸை எடுத்து இன்னொன்றை மாட்டும் அந்த நொடியில், எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு நாற்காலி நாற்காலியாக இருக்காது; கதவு கதவாக இருக்காது. பெயர் வந்து ஒட்டிக்கொள்வதற்கு முந்தைய அந்த நொடியைத்தான் அவர் பிடித்து வைத்திருக்கிறார் என்று நினைத்தாள். இதைக் கேட்க யாராவது கிடைத்தால் கடையை மறந்து பேசுவாள்.

பிறகு மேல்மாடிக் குழாய் ஒழுகி அவள் அறைச் சுவரும் கீழே கடைச் சுவரும் ஊறிப்போயின. ஒரு படத்தின் ஓரத்தில் பூஞ்சணம் பார்த்ததும் பதறிப்போய் அண்ணனிடம் ஓடினாள். அவர் புது வீடு கட்டியிருந்தார். ஈரமில்லாத, அகலமான சுவர்கள்.

அண்ணி முதலிலேயே கையை விரித்தாள். "தட்டு என்னை முறைச்சுப் பாக்குற படமெல்லாம் என் வீட்டுக்குள்ள வேண்டாம்மா. ஒரு வாய் உள்ளே இறங்காது."

"ஆபீஸ் ரூம்ல மாட்டிக்கோ," என்றார் அண்ணன். "கட்சிக்காரன் பயந்து ஓடினா அந்த ஃபீஸை நீதான் கட்டணும்."

கட்சிக்காரர்கள் ஓடவில்லை. ஞாயிறுதோறும் அவள் போய்த் தூசி தட்டுவாள். வெயில் படாமல் திரை இழுத்து விடுவாள். அப்படி ஒரு ஞாயிறு, பெரிய கம்பெனி முதலாளி ஒருவர் வந்திருந்தார். சுவர்களைச் சுற்றிப் பார்த்து அசந்துபோய், "சார், உங்க ரசனையே தனி!" என்றார். அண்ணன் புன்னகை மட்டும் செய்தார். துணியும் கையுமாக நின்ற அவள், வந்தவர் முன்னால் எதற்கு என்று விட்டுவிட்டாள்.

அந்த முதலாளி மூலமாகத்தான் நகரத்துக் கலைக்கூடத்தில் கனவுக்காரர் கண்காட்சிக்குப் படங்களைக் கேட்டார்கள். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. எத்தனை பேர் பார்ப்பார்கள்! ஒவ்வொரு படத்தையும் தானே மெல்லிய தாளில் சுற்றி, மூலைகளுக்கு அட்டை கொடுத்துக் கட்டினாள். பேச்சுவார்த்தையெல்லாம் அண்ணன் பார்த்துக்கொள்கிறேன் என்றார். பார்த்துக்கொள்ளட்டும் என்று இருந்துவிட்டாள்.

திறப்பு விழா அன்று மத்தியானமே கடையைச் சாத்திவிட்டுப் போனாள். கலைக்கூடத்து வாசலில் ஆள் உயரப் பலகை. அதில் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் புகைப்படம். கீழே, 'பிரபல வழக்கறிஞரின் வாழ்நாள் சேகரிப்பு'.

அச்சுப் பிழை என்றுதான் முதலில் நினைத்தாள். பாவம், அண்ணனுக்கே தெரியாது போலிருக்கிறது, சொல்லித் திருத்த வேண்டும் என்று உள்ளே விரைந்தாள். குதிரைப் படத்துக்கு முன்னால் கூட்டம். நடுவில் அண்ணன், கையில் மைக்.

"அப்போ நான் சின்ன வயசு. கையில காசு கிடையாது," என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். "கட்டில் வாங்கலாம்னு ஒரு பழைய கடைக்குப் போறேன். அலமாரிக்குப் பின்னால இந்தக் குதிரை! சிரிப்பு வந்துது. அப்புறம் பார்த்தா, தொண்டையை அடைக்குது. கட்டிலாவது ஒண்ணாவதுன்னு இதைத் தூக்கிட்டு வந்துட்டேன். ஒரு வருஷம் தரையிலதான் படுத்தேன்."

கூட்டம் கை தட்டியது. ஒரு பத்திரிகைக்காரி வேகவேகமாக எழுதிக்கொண்டாள்.

கண்ணாடிக் கடைக்காரிக்குக் காது அடைத்துவிட்டது. படத்தை எடுத்துக்கொண்டதுகூடப் பரவாயில்லை. தொண்டையை அடைத்ததை எப்படி எடுத்துக்கொண்டார்? ஏதோ ஒரு சாயங்காலம், அண்ணன்தானே என்று மனசு விட்டு அவள் சொன்னது அது. வெறும் தரையில் கிடந்து, காலையில் கண் திறந்ததும் அந்த எரிச்சல்பிடித்த முகத்தைப் பார்த்துச் சிரித்த அத்தனை காலைகளும் அவளுடையவை. அவற்றையும் வாரிச் சுருட்டிக்கொண்டு போயிருந்தார் இந்த மனுஷன்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள்.

"எனக்கு ஒரு சந்தேகம்ணா," என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "தரையில படுத்தீங்களே, எந்த ரூம்ல?"

அண்ணன் ஒரு கணம் தடுமாறினார். உடனே சிரித்துக்கொண்டார். "என் தங்கச்சி. இந்தப் படங்களையெல்லாம் துடைச்சு வைக்க ரொம்ப உதவியா இருந்தவ. ஒரு கை தட்டுங்க அவளுக்கு!"

தட்டினார்கள். அந்தக் கைதட்டல் ஒவ்வொன்றும் அவள் கன்னத்தில் விழுந்தது.

"நான் துடைக்க வந்தவ இல்லை. இது என் படம். பதினொண்ணும் என்னுது. கட்டில் வாங்கப் போனது நான். தரையில படுத்தது நான். 'உனக்கென்ன கிறுக்கா'ன்னு கேட்டது நீங்க!"

கலைக்கூடத்து இயக்குநர் ஓடி வந்தார். மென்மையாகப் பேசுகிற மனிதர். "மேடம், குடும்ப விஷயம்னா உள்ளே போய்ப் பேசிக்கலாமே. விருந்தாளிங்க இருக்காங்க."

"வாசல்ல போட்டிருக்கீங்களே பலகை, அது குடும்ப விஷயமா? அதை ஏன் உள்ளே வைக்கல?"

அண்ணன் மைக்கைக் கீழே இறக்கி, அவள் காதருகே குனிந்தார். நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு ஆளிடம் பேசுகிற குரல்.

"சும்மா இரு. மானத்தை வாங்காதே. உன்னுதுன்னு சொல்றியே, சாட்சி இருக்கா உனக்கு?"

மைக் அணையவில்லை; அந்தக் கேள்வி முன்வரிசை வரை கேட்டது. கூடப் பிறந்தவர் கேட்கிற கேள்வியா இது?

"நான் இருக்கேன் சாட்சி."

அண்ணிதான். பட்டுப்புடவை மடிப்புக் கலையாமல் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் எழுந்து நின்றிருந்தாள். படங்களை வீட்டுக்குள் விடமாட்டேன் என்று அடம்பிடித்தவள். இத்தனை வருஷத்தில் நாத்தனாரிடம் முகம் கொடுத்துப் பேசாதவள். அவள் அண்ணனைப் பார்த்துப் பேசவில்லை. பத்திரிகைக்காரியைப் பார்த்துப் பேசினாள்.

"எழுதிக்கோம்மா. இவரு தரையில படுத்தவரே இல்லை. மெத்தை கொஞ்சம் அமுங்கினாலே மறுநாள் ஊரைக் கூட்டுவாரு. இந்தப் படங்களைக் கண்டா எனக்கு ஆகாது, இப்பவும் ஆகாது. ஆனா ஒவ்வொண்ணையும் சுமந்துட்டு வந்தது இவதான். கதவைத் திறந்து விட்டது நான்."

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. யாரோ மைக்கை அவர் கையிலிருந்து வாங்கினார்கள். முதலாளி தன் கடிகாரத்தைப் பார்த்தார். கூட்டம் மெல்ல அடுத்த அறைக்கு நகர்ந்தது. சிலர் நகராமல் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"படத்தையெல்லாம் இப்பவே கழற்றிடட்டுமா மேடம்?" என்றார் இயக்குநர், வேர்த்துப்போய்.

"படம் இருக்கட்டும். சனங்க பாக்கணும்னுதான் குடுத்தேன். பலகையைக் கழற்றுங்க."

பலகை அன்றே இறங்கியது. இரண்டு நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் புதுப் பலகையில் 'தனியார் சேகரிப்பு' என்று இருந்தது. பத்திரிகையில் வந்த செய்திக்கோ, 'கண்காட்சியில் குடும்பத் தகராறு' என்று தலைப்பு. கூடவே அண்ணனின் அதே கை கட்டிய படம். அவள் பத்திரிகையைக் கசக்கிக்கொண்டு இயக்குநர் அறைக்குள் நுழைந்தாள்.

"தனியார்னா யாரு? அவருக்கு ஆள் உயரத்துக்கு எழுதத் தெரிஞ்ச உங்களுக்கு என் பேரு எழுத எழுத்து கிடைக்கலையா?"

மறுநாளும் போனாள். அதற்கு மறுநாளும். கடைசியில் அவள் பெயர் போட்ட பலகை வந்தது. பழையதைவிடச் சின்னது. அதையும் சொல்லிக் காட்டிவிட்டுத்தான் திரும்பினாள்.

கண்காட்சி முடிந்ததும் பதினோரு படங்களும் அவள் கடைக்கே வந்தன. ஈரம் காய்ந்து புதுப் பூச்சு பூசிய சுவரில் மாட்டும்போது சித்தப்பா போன் பண்ணினார்.

"பெரியவன் ரொம்ப மனசு உடைஞ்சு போயிருக்கான்மா. நாலு பேர் முன்னால தலை குனிய வெச்சுட்டியாம். என்ன இருந்தாலும் அண்ணன். நீயே ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுடு, முடிஞ்சு போகும்."

சுத்தியல் அவள் கையிலேயே இருந்தது.

"நானா?" என்றாள்.

"நீதாம்மா. விட்டுக் குடுத்துப் போறவ நீதானே."

"சித்தப்பா, அவர் என் படத்தைக் கேட்டிருந்தா ரெண்டு குடுத்திருப்பேன். என் வாழ்க்கையை எடுத்து மைக்ல படிச்சாரே, அதுக்கு அவர் வந்து என்கிட்ட கேக்கட்டும். அதுவரைக்கும் இந்தப் பேச்சை எடுக்காதீங்க. வெச்சுடுறேன்."

வைத்துவிட்டாள். இன்னொரு ஆணியை எடுத்தாள். அதற்குள், படிக்கும்போது எழுத்து இரண்டிரண்டாகத் தெரிகிறது என்று ஒருவர் கடை வாசலில் வந்து நின்றார். அவரை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டுக் கண் பரிசோதனை விளக்கைப் போட்டாள்.